கடலோரக் கட்டுமானங்கள் – 8: பாம்பன் பழைய ரயில் பாலம்

பாம்பன் பழைய ரயில் பாலம், ராமநாதபுரம் மாவட்டப் பெருநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள மண்டபத்தையும் ராமேசுவரம் தீவின் மேற்கு முனையான பாம்பனையும் இணைக்கக் கட்டப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 2.06 கிலோமீட்டர். 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இப்பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 109 ஆண்டுகள் நடுக்கடலில் சேவை செய்த இந்தப் பாலம்தான் இந்தியாவின் முதல் கடற்பாலம்.

கடலும் கால்வாயும்

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. இந்த இரண்டு கடல்களும் சந்திக்கும் குறுகலான வழியே பாம்பன் கால்வாய். அடித்தளம் பெரும்பாலும் பாறைத் திட்டுகளும் மணலும் பவளப்படிவுகளும் கலந்தது. ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் இவ்வழியே வர முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய அரசு பாறைகளை உடைத்துக் கால்வாயை ஆழப்படுத்திய பிறகு, கரையோரம் செல்லும் சிறு கப்பல்களும் தோணிகளும் இலங்கையைச் சுற்றிப் போகாமல் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு வந்து சேர்ந்தன.

நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணையின் நீர் தெற்கு நோக்கி இழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் நீர் வடக்கு நோக்கிப் பாயும். தடுக்க மலையோ மரங்களோ இல்லாத வெட்டவெளியில் காற்று நேராகப் பாலத்தின் பக்கவாட்டில் மோதும். ஆழம் குறைந்த கடல், ஓயாத காற்று, உப்பு ஈரம், நடுவே கப்பல் போக வேண்டிய வழி ஆகிய நான்கையும் கருதியே இப்பாலத்தின் வடிவம் தீர்மானிக்கப்பட்டது.

திட்டம் உருவான காரணம்

ராமேசுவரம் நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர்கள் வரும் தலம். எனினும் கடலுக்குக் குறுக்கே பெரும் பொருட்செலவில் பாலம் கட்டத் தூண்டியது யாத்திரைப் போக்குவரத்து மட்டுமன்று. இலங்கையுடனான வாணிகமும் அங்குள்ள தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சென்றுகொண்டிருந்த தொழிலாளர் கூட்டமும் இன்னும் பெரிய காரணங்கள்.

அதுவரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் மன்னார் வளைகுடாவைக் கடக்க வேண்டியிருந்தது. ராமேசுவரம் தீவிலுள்ள தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். இந்தக் குறுகிய வழியில் ரயிலையும் கப்பலையும் இணைத்தால் பயணம் வெகுவாகக் குறையும் என்ற எண்ணம் 1870களிலேயே எழுந்தது. இலங்கைவரை கடலின் மீதே இருப்புப்பாதை அமைக்கும் யோசனையும் ஆராயப்பட்டது. செலவு மிகுந்த அந்த யோசனை கைவிடப்பட்டு, தீவுவரை பாலம், அங்கிருந்து கப்பல், அக்கரையில் மீண்டும் ரயில் என்ற ஏற்பாடு ஏற்கப்பட்டது.

பணிகள் படிப்படியாக நடந்தன. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து மண்டபம்வரை மீட்டர் கேஜ் பாதையை 1902இல் அமைத்தது. தீவுக்குள் பாம்பன்–ராமேசுவரம் பாதை 1906இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே கடல் மட்டும் மீதமிருந்தது. 1911இல் பாலத்தின் கட்டுமானம் தொடங்கியது.

தூண்களும் கர்டர்களும்

கடலுக்குள் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் எழுப்பப்பட்டன. அவற்றின் மேல் 40 அடி, அதாவது 12.2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கர்டர்களைக் கொண்ட 145 கண்கள் அமைக்கப்பட்டன. கண்களைச் சிறியனவாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆழம் குறைந்த கடலில் தூண்களை நெருக்கமாக எழுப்ப முடியும். நீளம் குறைந்த கர்டர் எடையும் குறைந்தது என்பதால் கடலின் நடுவே அதைத் தூக்கி வைப்பது எளிது. ஒரு கர்டர் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த பேரழிவிலிருந்து பாலம் மீண்டதற்கு இந்த அமைப்பே துணை நின்றது.

பாலத்தில் ஜல்லிப் படுகை கிடையாது. கர்டர்களின் மேல் குறுக்குக்கட்டைகளும் அவற்றின் மேல் தண்டவாளங்களும் மட்டுமே. பெட்டியின் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு இருபுறமும் கடல் தவிர வேறெதுவும் தெரியாததற்கு இந்தத் திறந்த அமைப்பே காரணம். காற்றும் அலையும் தடையின்றிக் கடந்துபோகவும் இது உதவியது.

தூக்குப்பாலம்

கப்பல்கள் கடக்கும் இடத்தில் 145 கண்களிலிருந்து வேறுபட்ட ஓர் அமைப்பு தேவைப்பட்டது. சிகாகோவைச் சேர்ந்த பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வடிவமைத்த உருளும் தூக்குப்பாலம் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஷெர்சர் 1893இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவருடைய சகோதரர் ஆல்பர்ட் ஷெர்சர் அந்த வடிவமைப்பை எடுத்து நடத்தினார். சிகாகோ ஆற்றின் மேல் முதல் பாலங்கள் அந்தப் பத்தாண்டிலேயே எழுந்தன. பாம்பனுக்கான எஃகுப் பாகங்களை இங்கிலாந்தின் தோர்னபி நகரிலிருந்த ஹெட் ரைட்சன் நிறுவனம் தயாரித்துக் கப்பலில் அனுப்பியது.

பாம்பன் தூக்குப்பாலம் இரண்டு இறக்கைகளைக் கொண்டது. ஒவ்வோர் இறக்கையும் சுமார் 415 டன் எடை. இறக்கையின் அடிப்பகுதி வட்டத்தின் ஒரு துண்டுபோல் வளைந்தது. அது அச்சு ஒன்றில் மாட்டித் திரும்புவதில்லை. ஆடுநாற்காலியின் வளைந்த கால் தரையில் உருண்டு பின்சாய்வதுபோல், வளைந்த அடிப்பகுதி தட்டையான தளத்தின் மேல் உருண்டு பின்னோக்கி நகர, இறக்கையின் முனை மேலே எழும். முழுதாக எழும்போது அது 81 பாகை கோணத்தில் நிற்கும். பின்புறத்திலுள்ள எடைக்கட்டு இறக்கையின் பளுவைச் சமன்செய்வதால், திறக்கத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. உருளும்போதே இறக்கை கால்வாயைவிட்டுப் பின்வாங்குவதால் கப்பலுக்குக் கிடைக்கும் வழியும் அகலமாகிறது.

எடைக்கட்டு இவ்வாறு துணை செய்ததால் இந்தத் தூக்குப்பாலத்தை நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதக் கைகளே இயக்கின. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வீதம் ஊழியர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்ற, பற்சக்கரங்கள் வழியாக விசை கடந்து இறக்கைகள் மெல்ல எழுந்தன. மின்சாரமோ இயந்திரமோ இதில் இல்லை. கப்பல்கள் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெற்று, நீர் உயரும் நேரம்வரை காத்திருந்து, வழிகாட்டியின் துணையோடு கடக்கும். பிறகு இறக்கைகள் இறக்கப்பட்டு நடுவில் பூட்டப்படும். அந்தப் பூட்டு சரியாகப் பொருந்தினால்தான் ரயிலுக்குப் பச்சைக்கொடி. இரண்டு இறக்கைகளும் சந்திக்கும் அந்த நடுப்புள்ளி ஒவ்வொரு ரயிலின் பளுவையும் தாங்க வேண்டியிருந்ததால், பாலத்தில் மிக நுணுக்கமாகக் கவனிக்கப்பட்ட இடமும் அதுவே.

போட் மெயில் காலம்

பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட இந்தோ–சிலோன் போட் மெயில், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடித் துறை வரை சென்றது. ரயிலிலிருந்து இறங்கியோர் நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கே காத்திருந்த ரயிலில் கொழும்பு சென்றனர். சென்னையில் வாங்கும் ஒரே பயணச்சீட்டு கொழும்புவரை செல்லும். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்த வழியில் நீண்டகாலம் ஓடின.

பாம்பன் அன்று ஒரு சந்திப்பு நிலையம். ஒரு பாதை ராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் பிரிந்தன. தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறும் முன் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட முகாம் மண்டபத்தில் இருந்தது. இன்றும் அவ்விடம் ‘மண்டபம் கேம்ப்’ என்றே அழைக்கப்படுகிறது. மலையகத் தமிழரின் வரலாற்றில் இந்தப் பாலத்துக்கு நிலையான இடம் உண்டு. பல குடும்பங்கள் இந்தியாவிலிருந்து கடைசியாகக் கடந்த நெடுவழி இதுவே. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களும், ராமேசுவரத்தில் கப்பலிறங்கி இதே பாலத்தின் வழியாகத்தான் ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர்.

1964 டிசம்பர் புயல்

1964 டிசம்பரில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு கடும் புயலாக வலுத்தது. டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணையில் இறங்கிய புயல், அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரமே உள்ள மணல்திட்டின் மேல் பேரலைகள் ஏறின. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653ஆம் எண் பயணி ரயில் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ரயில் நிலையம், துறைமேடை, தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், தேவாலயம், குடியிருப்புகள் என ஊரே அழிந்தது. அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

பாலத்தில் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. தூண்களிலும் சேதம் ஏற்பட்டது. ஆனால் ஷெர்சர் தூக்குப்பாலம் பெரிய சேதமின்றி நின்றது. அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் இல்லை. ரயில் பாலம் விழுந்ததும் ராமேசுவரம் நிலத்தொடர்பை முற்றிலும் இழந்தது.

46 நாட்களில் சீரமைப்பு

மறுசீரமைப்புப் பணி தெற்கு ரயில்வேயின் இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஆறு மாத அவகாசம் தரப்பட்டு, பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. 126 புதிய கர்டர்களைத் தயாரித்து மண்டபம்வரை கொண்டுவருவதென்றால் அந்தக் கெடுவுக்குள் வேலை முடியாது. கடலில் விழுந்த கர்டர்கள் மூழ்கிக் கிடந்த இடங்களை அப்பகுதி மீனவர்கள் காட்டினர். கடலடியிலிருந்து அவற்றை மீட்டு, வளைவு நெளிவுகளைச் சரிசெய்து, மீண்டும் தூண்களின் மேல் ஏற்ற முடியும் என்று ஸ்ரீதரன் முடிவுசெய்தார்.

தொடக்கத்தில் ஒரு கர்டரை ஏற்றவே நெடுநேரம் பிடித்தது. முறை பழகியபின் வேகம் கூடியது. பணி தொடங்கிய 46 நாட்களில் பாலம் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, 1965 மார்ச் 1 அன்று மீண்டும் ரயில் ஓடியது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ ஆகியவற்றின் வழியாக நாடறிந்த ஸ்ரீதரனின் பெயர் முதன்முதலில் வெளியே தெரிந்தது பாம்பனில்தான். கர்டர்களின் இருப்பிடம் காட்டிய மீனவர்களுக்கும் கடலில் இறங்கி அவற்றைக் கட்டித் தூக்கிய தொழிலாளர்களுக்கும் இந்தச் சாதனையில் சம பங்கு உண்டு.

தனுஷ்கோடி பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இலங்கைக் கப்பல் ராமேசுவரத்துக்கு இடம்மாறி, 1980களின் முற்பகுதியில் இலங்கை இனப்போர் தொடங்கியபின் அதுவும் நின்றது. 1988 அக்டோபர் 2 அன்று அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவின் மக்கள், யாத்திரிகர்கள், மீன், கருவாடு, அரிசி, மருந்து எல்லாம் பெரும்பாலும் இந்த ஒற்றை இருப்புப்பாதையையே நம்பியிருந்தன.

துருவும் காற்றும்

உலகில் எஃகு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் கடற்பகுதிகளில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்த இடம் பாம்பனுக்கு என்று ரயில்வே பொறியாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். ஆண்டு முழுவதும் வீசும் காற்று உப்புத் துளிகளை எஃகின் மேல் படியச் செய்கிறது. வெயிலில் ஈரம் உலர உப்பு மட்டும் தங்கும். இரவில் மீண்டும் ஈரம் ஏறும். இந்தச் சுழற்சி ஓயாது நடப்பதால் பூச்சில் விழும் சிறு விரிசல்கூடத் துருவுக்கு வாசலாகிறது. உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் களச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதே இச்சூழலின் கடுமைக்குச் சான்று.

இதற்கு எதிரான வேலை இடைவிடாதது. துருவைச் சுரண்டி நீக்குவது, மறுபடி வண்ணம் பூசுவது, தேய்ந்த தறையாணிகளை மாற்றுவது, அரித்த கர்டரை இறக்கிப் புதியதை ஏற்றுவது, தூண்களுக்குக் காப்புப்பூச்சு இடுவது ஆகிய பணிகள் ஒரு கோடியில் முடியும்போது மறுகோடியில் மீண்டும் தொடங்கும். காற்று வாரிக்கொண்டு போகும் வெளியில், கீழே நீரோட்டம் இழுக்க, குறுகிய நடைபலகையில் நின்று ஊழியர்கள் இவற்றைச் செய்தனர்.

காற்றுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. பாலத்தில் காற்றுமானி பொருத்தப்பட்டு, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறியது. ரயில் பாம்பனிலோ மண்டபத்திலோ நின்று காற்று தணியும்வரை காத்திருக்கும். 1964க்குப் பிறகு இந்தப் பாதையில் ஒரு ரயில்கூடப் புயலுக்குப் பலியாகவில்லை.

அகலப்பாதை மாற்றம்

நாடெங்கும் மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையாக மாறிய காலத்தில் பாம்பன் பாலத்தின் எதிர்காலம் கேள்விக்குறியானது. மீட்டர் கேஜ் ரயிலின் பளுவுக்காகக் கட்டப்பட்ட பாலம் அகலப்பாதை ரயிலைத் தாங்குமா என்ற ஐயம் இருந்தது. ராமேசுவரத்தில் பிறந்தவரும் அப்போதைய குடியரசுத் தலைவருமான ஏ.பி.ஜே. அப்துல் கலாம், பழைய பாலத்தைக் கைவிடாமல் வலுப்படுத்தி மாற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார். 2006இல் பாதை மூடப்பட்டு, தூண்களும் கர்டர்களும் வலுவூட்டப்பட்டன. தூக்குப்பாலமும் புதிய பளுவுக்கேற்பத் திருத்தப்பட்டது. 2007 ஆகஸ்ட் 12 அன்று அகலப்பாதை ரயில் பாம்பனைக் கடந்தது. 1,000 மில்லிமீட்டர் பாதைக்காகத் திட்டமிட்ட தூண்கள் 1,676 மில்லிமீட்டர் பாதையைத் தாங்கத் தொடங்கின. சென்னை, கோவை மட்டுமன்றி வாரணாசி போன்ற வட இந்திய நகரங்களிலிருந்தும் வண்டி மாறாமல் ராமேசுவரம் வரும் வசதி இதனால் பிறந்தது. 2014இல் பாலத்தின் நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

நூறாண்டுக்குப் பின் முதுமையின் அறிகுறிகள் அடுத்தடுத்துத் தெரிந்தன. 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்தின் எஃகுப் பகுதியில் விரிசல் கண்டறியப்பட்டு, சில மாதங்களுக்கு ரயில்கள் நிறுத்தப்பட்டன. சரிசெய்தபின் ரயில்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தே தூக்குப்பாலத்தைக் கடந்தன. அதிர்வை இடைவிடாது கண்காணிக்கும் உணரிகள் சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு பொருத்தப்பட்டன.

2022 டிசம்பர் 23 அன்று தூக்குப்பாலத்தில் வழக்கத்துக்கு மாறான அதிர்வு தெரிந்ததைத் தொடர்ந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. புயல் தாக்கி 58 ஆண்டுகள் நிறைந்ததற்கு மறுநாள் அது. அதன்பின் பழைய பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எல்லா ரயில்களும் தீவுக்குச் செல்லாமல் இக்கரையிலேயே நின்றன; யாத்திரிகர்கள் பேருந்திலும் ஆட்டோவிலும் சாலைப் பாலம் வழியே தீவுக்குச் சென்றனர். தீவின் சிறு வணிகர்களுக்கும் விடுதிகளுக்கும் அது கடினமான காலம்.

புதிய பாலமும் பழைய பாலத்தின் நிலையும்

பழைய பாலத்துக்கு இணையாகப் புதிய பாலம் கட்ட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் விகாஸ் நிகாம் நிறுவனம் 550 கோடி ரூபாய் அளவிலான செலவில் கட்டிய இப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் 2.08 கிலோமீட்டர். 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும், கப்பல் வழியில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு தூக்குக் கண்ணும் உள்ளன. இறக்கைகளாகப் பிரிந்து திறந்த பழைய அமைப்புக்கு மாறாக, இங்கே கண் முழுவதும் மின்விசையால் இருபுறக் கோபுரங்களுக்கிடையே நேராக மேலே ஏறுகிறது. இந்தியாவில் இவ்வகைக் கடற்பாலம் இதுவே முதல். பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரமாக அமைந்திருப்பதால் அலைத்தெறிப்பும் துருவும் குறையும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் நீடித்து உழைக்கும் சிறப்பு வண்ணப்பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. பழைய பாலம் ஒரு நூற்றாண்டு துருவோடு போராடிக் கற்றுத்தந்த பாடங்களே இவை.

போக்குவரத்து இல்லாத பழைய பாலத்துக்குப் பழைய அளவில் பராமரிப்பு தர இயலாது. கவனிப்பு நின்ற எஃகை இந்தக் கடல் விரைவில் தின்றுவிடும். தூக்குப்பாலம் கப்பல் வழியின் மேலேயே நிற்பதால், ஒரு கப்பல் கடக்க இரண்டு பாலங்களும் திறக்கப்பட வேண்டும். பழைய இறக்கைகளின் கோணமும் உயரமும் புதிய பாலம் தரும் கூடுதல் இடத்தைப் பயன்படாமல் செய்கின்றன. இக்காரணங்களால் பழைய பாலத்தைப் பிரித்து அகற்றுவது என்பதே ரயில்வேயின் முடிவு. பாதுகாப்பையும் கப்பல் போக்குவரத்தையும் எண்ணும்போது அந்த முடிவில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2 கிலோமீட்டர் நீளப் பாலம் முழுவதையும் காப்பது வேறு, அதன் சிறப்பான பகுதியைக் காப்பது வேறு. கையால் இயக்கப்பட்ட ஷெர்சர் தூக்குப்பாலத்தின் ஓர் இறக்கை, அது உருண்ட தளம், பற்சக்கரங்கள், நெம்புகோல்கள், 1964இல் கடலுக்குள் கிடந்து மீண்டும் ஏறிய கர்டர்களில் ஒன்று ஆகியவற்றைப் பழைய இரும்பாக எடைக்கு விற்றுவிடக் கூடாது. பாம்பன் கரையிலோ மண்டபத்திலோ அவற்றைப் பொருத்தி, இயங்கும் முறையை விளக்கி, 653ஆம் எண் ரயிலில் மாண்டவர்களின் நினைவோடு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ரயில்வேயும் தமிழக அரசின் தொல்லியல் துறையும் சேர்ந்தால் இது அரிய செயலன்று. பிரிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே இதற்கான முடிவு எடுக்கப்பட வேண்டும்.

(தொடரும்)